ஆஸ்பத்திரியைப் பற்றி, போலீசைப் பற்றி யாரிடம் கேட்பது? கோட்டைச் செய்தியாளர் பதில்கள்

சட்டசபை கூடும் நாளெல்லாம் ஜார்ஜ் கோட்டைச் செய்தியாளர் மாடத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தே தலை நரைத்தவன் நான். மருத்துவ வசதி, பொதுமக்கள் பாதுகாப்பு பற்றி நம் பிரதிநிதிகள் அரசை எப்படிக் கேள்வி கேட்கிறார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். அவற்றில் சில இங்கே.

எங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் மதியத்துக்கு மேல் டாக்டர் இருப்பதில்லை. எம்.எல்.ஏ.விடம் சொன்னால் சட்டசபையில் கேட்பாரா சார்? (குடும்பத்தலைவி, வட சென்னை)

கேட்கலாம். ஆனால் அந்த நிலையம் யாருடையது என்று முதலில் பாருங்கள் அம்மா. சென்னைக்குள் இருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களை நடத்துவது மாநகராட்சி. 200 வார்டுக்கும் கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். ரிப்பன் மாளிகை மன்றக் கூட்டத்தில் அவர்களும் கேள்வி கேட்கலாம். உங்கள் விஷயத்துக்கு அதுதான் குறுக்கு வழி.

சென்ட்ரல் எதிரே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் என்றால் மாநில அரசு. அதற்கு எம்.எல்.ஏ. கே.கே. நகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி என்றால் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் வருவது, அதற்கு எம்.பி. ஆள் மாறிக் கேட்டால் ‘இது எங்கள் வரம்பில் இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

ஓமந்தூரார் தோட்டத்து ஆஸ்பத்திரியும் மாநில அரசுடையதுதான். அந்தக் கட்டடம் சட்டசபைக்காகக் கட்டப்பட்டது, 2010-இல் அங்கே சபையும் கூடியது. கேள்வி கேட்க எழுப்பிய மண்டபத்தில் இன்று நோயாளிகள் படுத்திருக்கிறார்கள். நம் ஊரில்தான் இது நடக்கும்.

கேள்வி நேரத்தைக் கொஞ்சம் விளக்குங்கள். டிவியில் பார்த்தால் மனு கொடுப்பது போலத்தான் இருக்கிறது. (கல்லூரி மாணவர், தாம்பரம்)

சரியாகப் பிடித்திருக்கிறீர்கள் தம்பி. உறுப்பினர் கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறார். பேரவைச் செயலகம் அதைத் துறைக்கு அனுப்புகிறது. துறைச் செயலாளர், பிரிவு அலுவலர், இயக்குநரகம் என்று இறங்கி, கடைசியில் சம்பந்தப்பட்ட ஆஸ்பத்திரியின் டீன் மேசைக்கு ஃபைல் வருகிறது. ‘சட்டசபைக் கேள்வி’ என்று அதில் எழுதியிருந்தால் போதும், மற்ற ஃபைல்கள் எல்லாம் ஒதுங்கி வழி விடும். பதில் மறுபடி மேலே ஏறி அமைச்சர் கைக்குப் போகிறது. சபையில் அவர் படிப்பதற்குள்ளேயே பாதி வேலை நடந்து முடிந்திருப்பதும் உண்டு.

நம் சபையில் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ‘எனது தொகுதியில் ஆரம்ப சுகாதார நிலையம் அமைக்க அரசு முன்வருமா?’ என்ற ரகம். அமைச்சர் ‘நிதிநிலைக்கு ஏற்ப பரிசீலிக்கப்படும்’ என்பார். கேட்டவருக்குத் தொகுதியில் சொல்லிக்கொள்ள ஒரு வரி கிடைக்கும். கேள்வியும் அதோடு முடிந்தது.

இதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘இந்த ஆஸ்பத்திரிக்கு அனுமதிக்கப்பட்ட மயக்க மருந்து டாக்டர் பணியிடங்கள் எத்தனை? நிரப்பப்பட்டவை எத்தனை? காலியிடம் எந்த மாதத்திலிருந்து காலியாக இருக்கிறது? டாக்டர் இல்லாததால் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்ட நோயாளிகள் எத்தனை பேர்?’ இதற்கு ‘பரிசீலிக்கப்படும்’ என்று பதில் சொல்ல முடியாது. எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும். தெரிந்தே தப்பான எண்ணைச் சொன்னால் அது உரிமை மீறல் பிரச்சினை, அதாவது சபையின் உரிமையையே மீறிவிட்டார் என்ற குற்றச்சாட்டு, வரை போகும்.

அசல் பதிலை விட, அதைக் கேட்டதும் உறுப்பினர் எழுந்து கேட்கும் துணைக் கேள்வியில்தான் விஷயம் வெளியே வரும். எழுதி வந்த தாளை யாரும் படிக்கலாம். தாளில் இல்லாததைக் கேட்கும்போது, துறையை அமைச்சர் எவ்வளவு கையில் வைத்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும். 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரம் நேரலையில் வருகிறது. நீங்களே பார்த்து எடை போடலாம்.

அந்தத் துணைக் கேள்வியிலும் பாதி நேரம் தலைவரைப் புகழ்ந்தே போகிறதே? (அம்பத்தூர்)

2021 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலினே தன் கட்சிக்காரர்களிடம் கேள்வி நேரத்தில் தன்னைப் புகழ வேண்டாம், மீறினால் நடவடிக்கை என்று சபையிலேயே எச்சரித்தார். அப்புறம் நிலைமை எப்படி என்று நேரலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

கேள்வியை எவ்வளவு கூராகக் கேட்டாலும் பதிலில் நழுவிவிடுகிறார்களே? (ஓய்வுபெற்ற செவிலியர், சைதாப்பேட்டை)

நழுவுவதிலும் ஒரு தொழில் நேர்த்தி இருக்கிறது அம்மா. 2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில், கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் இல்லாமல் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டார்கள். ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறப்பு என்று மாநிலங்கள் குறிப்பாக எதையும் தெரிவிக்கவில்லை என்று மத்திய சுகாதார அமைச்சகம் பதில் சொன்னது. நாடே கொந்தளித்தது. ஆனால் பதிலை வரி வரியாகப் படியுங்கள். ‘யாரும் சாகவில்லை’ என்று அதில் எங்கும் இல்லை. மாநிலங்கள் அப்படி எழுதி அனுப்பவில்லை என்றுதான் இருக்கிறது. இறப்புச் சான்றிதழில் ‘ஆக்சிஜன் தீர்ந்தது’ என்று எந்த ஆஸ்பத்திரி எழுதும்?

அதற்கு முந்தைய வருடம் செப்டம்பரில், ஊரடங்கில் ஊர் திரும்பும்போது இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் பற்றிய கேள்விக்கு, அப்படிப்பட்ட விவரம் பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் சொல்லிவிட்டது.

எனவே ‘எத்தனை பேர்?’ என்று மட்டும் கேட்டால் போதாது. கணக்கெடுக்கும் பொறுப்பு யாருடையது, எந்தப் படிவத்தில் எடுக்கிறார்கள், அந்தப் படிவம் எந்தத் தேதியில் மாநிலங்களுக்குப் போனது என்று மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கணக்கே எடுக்கவில்லை என்றால் அதுவும் ஒரு செய்திதான். அதை அரசின் வாயாலேயே பதிவு செய்ய வைத்ததும் ஒரு வெற்றிதான்.

மெரினா விமான சாகச நிகழ்ச்சியில் வெயிலில் ஐந்து பேர் இறந்தார்கள். அதற்கு யாரைக் கேட்டிருக்க வேண்டும்? (ஆட்டோ ஓட்டுநர், திருவல்லிக்கேணி)

2024 அக்டோபர் 6. ஒரே அமைச்சரைக் கேட்டு ஆகிற காரியம் இல்லை அது. நிகழ்ச்சி நடத்தியது விமானப்படை. நேரத்தை ஏன் உச்சி வெயிலை ஒட்டி வைத்தார்கள் என்று பாதுகாப்பு அமைச்சரைக் கேட்க வேண்டியது எம்.பி. கூட்டத்தைக் கலைந்து போக விடும் ஏற்பாடு போலீசுடையது. ஆம்புலன்ஸ் எங்கே, எத்தனை நின்றன என்பது சுகாதாரத் துறை. இரண்டும் சட்டசபைக்கு. குடிநீரும் கழிப்பறையும் மாநகராட்சி, குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. பறக்கும் ரயில் எத்தனை ஓடியது என்பது ரயில்வே, திரும்பவும் எம்.பி. மெட்ரோ மத்திய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனம் என்பதால் இரண்டு பக்கமும் கேட்கலாம்.

இப்படிப் பிரித்துக் கேட்காவிட்டால் என்ன ஆகும்? ஒவ்வொருவரும் பக்கத்து இலையைக் கை காட்டுவார்கள். அன்றைக்கும் அதுதான் நடந்தது, யார் தவறு என்று கட்சிகள் மாறி மாறி அறிக்கை விட்டன.

திடீரென்று ஒரு பெரிய சம்பவம் நடந்தால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க நேரம் ஏது? (பெரம்பூர்)

அதற்குத்தான் கவன ஈர்ப்பும் ஒத்திவைப்புத் தீர்மானமும். கவன ஈர்ப்பு என்றால் அமைச்சர் எழுந்து விளக்கம் தர வேண்டும். ஒத்திவைப்பு என்றால் மற்ற அலுவலை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு இதைப் பேசு என்று கேட்பது. அனுமதிப்பது பேரவைத் தலைவர் கையில், அங்கேதான் சண்டை ஆரம்பிக்கும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது சபை கூடியிருந்தது. கேள்வி நேரத்தை ஒத்திவைத்துவிட்டு விவாதிக்கச் சொல்லி அ.தி.மு.க. உறுப்பினர்கள் போராடினார்கள். வெளியேற்றப்பட்டார்கள், பிறகு அந்தக் கூட்டத்தொடர் முழுக்க இடைநீக்கமும் ஆனார்கள். அதே கூட்டத்தொடரின் கடைசியில் மதுவிலக்குச் சட்டத்தில் ஆயுள் தண்டனை வரை சேர்த்துத் திருத்தம் நிறைவேறியது. தண்டனையைக் கூட்டிய சட்டத்தைக் குறுக்குக் கேள்வி கேட்க வேண்டிய பிரதான எதிர்க்கட்சி அந்த நேரம் உள்ளே இல்லை. யார் பக்கம் நியாயம் என்பதை விடுங்கள், எனக்கு உறுத்துவது இதுதான்.

சட்டசபை விதிகளில் விதி 110 பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். அந்த விதியின் கீழ் அறிவிப்பு வந்தால் விவாதம் கிடையாது. கேட்க இனிமையாக இருக்கும், கேள்வி கேட்கத்தான் முடியாது.

சபைக்குள் ஆதாரத்தை நேரிலேயே கொண்டு போய்க் காட்டக் கூடாதா? (மளிகைக் கடைக்காரர், ராயபுரம்)

2017 ஜூலையில் தி.மு.க. உறுப்பினர்கள் அதைத்தான் செய்தார்கள். தடை செய்யப்பட்ட குட்கா கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது என்று காட்ட பாக்கெட்டுகளைச் சபைக்குள் கொண்டு வந்தார்கள். 21 பேருக்கு உரிமை மீறல் நோட்டீஸ் போனது. 2020 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்த நோட்டீசை ரத்து செய்தது. மூன்று வருடம் பேச்சு நோட்டீசைப் பற்றியே ஓடியது, குட்கா கடையில் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

துப்பாக்கிச்சூடு மாதிரி விஷயங்களில் ஆணையம் போட்டுவிட்டால் சபையில் பேச முடியாதா? (வழக்கறிஞர், பாரிமுனை)

‘ஆணையம் விசாரிக்கிறது’ என்பது நல்ல கேடயம். ஆனால் 1952 விசாரணை ஆணையச் சட்டப்படி, அறிக்கை கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கைக் குறிப்போடு அதைச் சபையில் வைக்க வேண்டும். தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று துப்பாக்கிச்சூடு. அதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சபைக்கு வந்தது 2022 அக்டோபரில். அறிக்கை எப்போது வந்தது, கெடு எப்போது முடிகிறது என்று தேதியை வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் உறுப்பினரின் வேலை.

எங்களைப் போன்றவர்கள் செய்ய ஏதாவது உண்டா சார்? (குடியிருப்போர் நலச் சங்கம், வேளச்சேரி)

உண்டு. எம்.எல்.ஏ.விடம் குறையை மட்டும் சொல்லாமல், கேள்வியாகவே எழுதி ஒரு பக்கத்தில் கொடுங்கள். அவருடைய உதவியாளருக்கு வேலை மிச்சம், அதனாலேயே உங்களுடையது முதலில் போகும். எழுதுவதற்கு முன் அந்தத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைப் படியுங்கள். மானியக் கோரிக்கை அன்று, அதாவது துறையின் செலவுக்குச் சபையிடம் பணம் கேட்கும் நாளில் வெளியாகும், அரசு இணையதளத்தில் கிடைக்கும். போன வருடக் குறிப்பையும் இந்த வருடக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சத்தமில்லாமல் காணாமல் போன திட்டம் எது என்று தெரிந்துவிடும்.

தகவல் உரிமைச் சட்டமும் இருக்கிறது. சாதாரணமாக 30 நாள். உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம்.

அப்புறம், அமைச்சர் சபையில் ‘செய்து தரப்படும்’ என்று சொன்னால் அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாக்குறுதிகளைப் பின்தொடர்வதற்கென்றே உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதற்கு உங்கள் எம்.எல்.ஏ. மூலம் நினைவூட்டலாம். மனுக்கள் குழுவுக்கு நீங்களே நேராக மனு அனுப்பலாம். மனுவில் அரசியல் வேண்டாம். இடம், தேதி, எண்ணிக்கை போதும்.