என் மகளுக்கு 6 வயது. கடைவாய்ப் பல்லில் சீலன்ட் என்ற மூடுபூச்சுப் போடும் ஆய்வில் சேர்க்கச் சொல்லிப் பல் மருத்துவக் கல்லூரியில் கேட்கிறார்கள். சம்மதிக்கலாமா?

வலது பக்கம் ஒரு மருந்து, இடது பக்கம் வேறொரு மருந்து என்று படிவத்தில் இருப்பதாகவும், பிள்ளையை வைத்துச் சோதனை செய்கிறார்களோ என்று உங்கள் மாமியார் பயப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். என் பதில், சம்மதிக்கலாம் என்பதுதான். ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு ஆண்டுகள், அவர்கள் சொல்லும் தேதியில் எல்லாம் மகளைத் திரும்ப அழைத்துப் போக உங்களால் முடியுமா?

நான் மும்பையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் பிரிவில் உதவியாளராக இருக்கிறேன். இதேபோன்ற ஆய்வு ஒன்றில் தாராவி, சயான் பக்கத்துத் தமிழ்த் தாய்மார்களிடம் பேசுவதும், தேதி வந்தால் அவர்களை வரவழைப்பதும் என் பொறுப்பில் இருந்தன.

முதலில் அந்தப் பல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 6 வயதில் வரும் கடைவாய்ப் பல், எந்தப் பால் பல்லும் விழுந்து அந்த இடத்தில் முளைப்பதில்லை. கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஈறைப் பிளந்துகொண்டு வருகிறது. எதுவும் விழாததால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. "விழுகிற பல்தானே அக்கா, விழுந்து முளைக்கட்டும்" என்று எத்தனை தாய்மார்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்! 9 வயதுப் பையனின் வாயைத் திறந்து, வேர்வரை அழுகிய பல்லைக் காட்டி, இது இனி முளைக்காது என்று சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு இன்றும் மனம் வருவதில்லை.

அந்தப் பல்லின் மேற்பரப்பு புதிதாகக் கொத்திய அம்மியைப் போன்றது. குழிகளும் கோடுகளுமாக இருக்கும். கொத்திய அம்மியில் அரைத்தது ஒட்டிக்கொள்வதுபோல் இந்தக் கோடுகளில் பிஸ்கட் மாவு போய் அடைந்துகொள்ளும். அம்மியையாவது தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிடலாம். இந்தக் கோடுகள் பல இடங்களில் பிரஷின் ஒற்றை இழையைவிடக் குறுகலானவை. எவ்வளவு நன்றாகத் தேய்த்தாலும் அடிவரை எட்டாது. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002–03இல் நடத்திய தேசியக் கணக்கெடுப்பில் 12 வயதுப் பிள்ளைகளில் 53.8 சதவீதம் பேருக்குச் சொத்தை இருந்தது. பிள்ளைகளின் நிலைத்த பற்களில் சொத்தை பெரும்பாலும் தொடங்குவது இந்தக் கோடுகளில்தான்.

சீலன்ட் என்பது அந்தக் கோடுகளை மூடும் மெல்லிய பூச்சு. பல்லைக் குடைவதில்லை, ஊசி போடுவதில்லை. பல்லைச் சுத்தம் செய்து, கன்னத்தின் பக்கமும் நாக்கின் பக்கமும் பஞ்சு வைத்து, பாஸ்பாரிக் அமிலக் களிம்பை 15 முதல் 30 விநாடி வைப்பார்கள். கழுவிக் காற்றடித்து உலர்த்தியதும், பளபளவென்று இருந்த பல் சாக்குக்கட்டிபோல் வெளுத்து மங்கிவிடும். அமிலம் அதில் நுண்ணிய துளைகளை உண்டாக்கியிருக்கும். பூச்சாகப் போடும் பிசின் போன்ற ரெசின் அவற்றுக்குள் இறங்கும். நீல விளக்கைக் காட்டினால் சில விநாடிகளில் இறுகிவிடும். அந்த வெளுத்த பல்லில் எச்சில் பட்டுவிட்டால் ரெசின் சரியாகப் பிடிக்காது, மறுபடியும் அமிலத்திலிருந்து தொடங்க வேண்டும். நான் உறிஞ்சு குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த ஒரு நிமிடம், பிள்ளை நாக்கை அசைக்காமல் இருக்க வேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். முடிந்ததும் மேலே ஒட்டியிருக்கும் இறுகாத படலத்தைத் துடைத்து, வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்வோம். அதை மட்டும் விடாமல் செய்யச் சொல்லுங்கள்.

அமிலம் வைத்துப் பல்லில் பூச்சைப் பிடிக்கச் செய்யும் இந்த முறை புதிதல்ல. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் மைக்கேல் புவோனகோர் என்ற பல் மருத்துவ ஆய்வாளர் 1955இல் வெளியிட்டது. உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க அமிலம் தடவும் தொழிற்சாலை வழக்கத்திலிருந்து அவருக்கு அந்த யோசனை வந்தது. 1967இல் அவரும் குவெட்டோ என்பவரும் சேர்ந்து பல்லின் குழிகளையும் கோடுகளையும் மூடிப் பார்த்த முடிவுகள் வெளிவந்தன.

இனி உங்கள் மாமியாரின் பயத்துக்கு வருகிறேன். ஒரே வாயில் இரண்டு பக்கமும் இரண்டு விதம் செய்து ஒப்பிடுவது இந்தத் துறையில் பழைய முறை. அதே பிள்ளை, அதே மிட்டாய், அதே எச்சில், அதே பிரஷ். ஆகவே வித்தியாசம் தெரிந்தால் அது மருந்தால் வந்தது என்று சொல்ல முடியும். எந்தப் பக்கம் எந்த மருந்து என்பதை மருத்துவர் தம் விருப்பப்படி முடிவு செய்வதில்லை, சீட்டுக் குலுக்குவதுபோல் தீர்மானிப்பார்கள். 1970களின் ஆய்வுகள் பலவற்றில் ஒரு பக்கம் சீலன்ட் போட்டு, மறு பக்கத்தை ஒன்றும் செய்யாமல் விட்டுவைத்தார்கள். அந்தப் பிள்ளைகளால்தான் நமக்கு இன்று உண்மை தெரிந்திருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட மறுஆய்வு, 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளின் முதல் கடைவாய்ப் பற்களில் ரெசின் சீலன்டைச் சோதித்த 7 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அவற்றில் 5 ஆய்வுகள் 1970களில் வந்தவை. எதுவும் போடாவிட்டால் 2 ஆண்டில் 100 பல் பரப்புகளில் 40 சொத்தையாகும் இடத்தில், சீலன்ட் போட்டால் 6 மட்டுமே சொத்தையாகும் என்பது அவர்கள் கணக்கு. சொத்தை குறைவாக வரும் இடத்தில், 16 சொத்தையாவதற்குப் பதில் 5. இவ்வளவு தெரிந்த பிறகு ஒரு பிள்ளையின் பல்லை வெறுமனே விட்டுவைப்பது நியாயமில்லை. உங்கள் படிவத்தில் இரு பக்கமும் ஏதோ ஒன்று போடுவதாக இருப்பது அதனால்தான். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்.

இரண்டில் ஒன்று கிளாஸ் அயனோமர் என்ற வேறு வகைப் பூச்சாக இருந்தால், அது ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும், பல்லை உறுதியாக்கும் ஃபுளோரைடையும் விடும், பாதி முளைத்த பல்லுக்கும் போடலாம். ஆனால் ரெசினைவிடச் சீக்கிரம் உதிரும். பல்லின் மேல் தடவும் ஃபுளோரைடு வார்னிஷாக இருந்தாலும் கவலை வேண்டாம். வேல்ஸ் நாட்டில் 6, 7 வயதுப் பிள்ளைகள் 1,015 பேரைச் சேர்த்து 3 ஆண்டு நடத்திய ஆய்வில் சீலன்ட் போட்டவர்களில் 19.6 சதவீதம் பேருக்கும், 6 மாதத்துக்கு ஒரு முறை வார்னிஷ் தடவியவர்களில் 17.5 சதவீதம் பேருக்கும் சொத்தை வந்தது. பெரிய வித்தியாசம் என்று சொல்வதற்கில்லை.

திரும்ப வருவதைப் பற்றி முதலிலேயே கேட்டேன் அல்லவா? எங்களுக்கு மே மாதம்தான் கடினம். பள்ளி மூடியதும் பாதிப் பிள்ளைகள் நாகர்கோவில் வண்டியேறித் திருநெல்வேலிப் பக்கம் போய்விடுவார்கள். கோயில் கொடை முடிந்து, பள்ளி திறக்கும் நேரத்தில்தான் திரும்புவார்கள். அதற்குள் ஆறாம் மாதப் பரிசோதனைத் தேதி கடந்துவிடும். ஒரு பையனின் அம்மா, "வலப் பக்கம் பூச்சு போய்விட்டது அக்கா, இனி வந்து என்ன பயன்?" என்று தொலைபேசியில் கேட்டார். நான் மூன்று முறை அழைத்த பிறகு வந்தார்கள். பல்லைப் பார்த்தால் பூச்சு பாதி பெயர்ந்து, உடைந்த ஓரத்தில் உணவுத் துணுக்கு சிக்கியிருந்தது. சொத்தை இன்னும் தொடங்கவில்லை. சுத்தம் செய்து மறுபடி மூடிக் கொடுத்தோம், கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

பூச்சு பெயர்ந்த பிள்ளைகள் வராமலே போய், நன்றாக இருப்பவர்கள் மட்டும் வந்தால், அந்த மருந்து உண்மையைவிட நல்லதாகத் தெரியும். பிறகு வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கும் அதையே போடுவார்கள். இதை நான் அந்தத் தாயிடம் விளக்கிச் சொன்னேன், அதன்பின் அவர் ஒரு தேதியையும் தவறவிட்டதில்லை. ஆய்வை விட்டுவிட்டாலும் சீலன்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே முறை போட்ட சீலன்டை 15 ஆண்டு கழித்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில், முழுதாக இருந்தது ஏறக்குறைய 28 சதவீதப் பற்களில்தான்.

கையெழுத்துப் போடும் முன், நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். பூச்சு பெயர்ந்தால் இலவசமாக மறுபடி போடுவார்களா, சொத்தை வந்தால் யார் செலவில் அடைப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம், விலகினாலும் சிகிச்சை குறையாது என்ற வரி படிவத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். 7 வயதானால் பிள்ளையிடமும் வாய்மொழியாகச் சம்மதம் கேட்க வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள். உங்கள் மகளுக்கு 6தான், இருந்தாலும் அவளிடமும் கேளுங்கள். நீல விளக்கை முதலில் கையில் காட்டிவிட்டால் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போவதாக இருந்தால் அந்தத் தேதிகளை இப்போதே சொல்லி, பரிசோதனை நாளை முன்னாலோ பின்னாலோ மாற்றித் தரச் சொல்லுங்கள். போகும்போது மாமியாரையும் அழைத்துப் போங்கள். மருத்துவரிடம் சிறிய கண்ணாடி இருக்கும். கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் தலைகாட்டும் அந்தப் பல்லை அவருக்கும் காட்டச் சொல்லுங்கள்.