பெரியம்மாவுக்கு வந்த மார்பகப் புற்றுநோய் எனக்கும் வருமா?

கேள்வி: எனக்கு 49 வயது. தஞ்சாவூர். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆகிறது. எடை 8 கிலோ ஏறிவிட்டது. அம்மாவின் அக்காவுக்கு 63 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சை நடந்தது. அதிலிருந்து எனக்குப் பயம். பாலை நிறுத்து, மஞ்சள் மாத்திரை சாப்பிடு, இறுக்கமான பிரா வேண்டாம், டியோடரண்ட் அடிக்காதே என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறேன். தனியாக உடற்பயிற்சி வேண்டுமா? எதைச் செய்தால் உண்மையில் பலன்?

பதில்: முதலில் பெரியம்மா விஷயம். குடும்பத்தில் ஒரே ஒருவருக்கு, அதுவும் 60 வயதுக்கு மேல் வந்திருந்தால், அது பரம்பரையாக வந்ததாக இருக்கும் வாய்ப்பு குறைவு. மார்பகப் புற்றுநோய்களில் 100-க்கு 5 முதல் 10 வரைதான் பெற்றோர் வழி வரும் மரபணுக் கோளாறால் வருபவை. யாருக்காவது 50 வயதுக்குள் வந்திருந்தால், சினைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால், ஓர் ஆணுக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் கதை வேறு. அப்போது மருத்துவரிடம் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும். அப்பா வழி அத்தை, பாட்டியையும் விசாரியுங்கள். அந்தப் பக்கத்தைக் கேட்க எல்லோருமே மறந்துவிடுகிறார்கள்.

எனக்கு உறுத்துவது அந்த 8 கிலோதான். மாதவிலக்கு நின்றதும் சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பது ஏறக்குறைய ஓய்ந்துவிடும். அதன்பின் அந்த ஹார்மோன் பெரும்பாலும் கொழுப்பில்தான் உருவாகிறது. அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் ஹார்மோன்களை, கொழுப்புத் திசுவிலுள்ள அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு கூடினால் இதுவும் கூடும். இந்த வயதில் வரும் மார்பகப் புற்றுக்கட்டிகளில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலில் வளர்பவை.

ஓர் இன்ச் டேப் எடுங்கள். புடவை கட்டும் இடத்தில் அளக்காதீர்கள், அது தொப்பைக்குக் கீழே போயிருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், வயிற்றை எக்காமல், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் இந்தியப் பெண்ணுக்கு அதிகம். இதற்காகப் பட்டினி கிடக்க வேண்டாம். மதியம் இரண்டாம் முறை போடும் சோறு, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை வீணாக்க மனம் வராமல் சாப்பிடுவது, நாலு மணி காபியோடு நாலு முறுக்கு... எடை ஏறுவது இந்த வழியில்தான். சோற்றைக் குறைத்த இடத்தில் கீரை, காய், பருப்பு, சுண்டல் வரட்டும்.

வீட்டு வேலை கணக்கில் வருமா? மூச்சு வாங்கும் வேலையாக இருந்தால் வரும். ஆனால் மிக்ஸியும் வாஷிங் மெஷினும் வந்தபின், நின்றுகொண்டே இருப்பதுதான் அதிகம். கால் வலிக்கும், இதயம் வேகமாக அடிக்காது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகத்தில் நடங்கள். சேர்ந்து போகும் தோழியோடு கதை பேசி ஊர்வலம் போவதை நான் நடைப்பயிற்சியில் சேர்ப்பதில்லை. வாரம் இரண்டு நாள் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது மாதிரித் தசைப் பயிற்சியும் தேவை. நன்றாக உடலுழைப்பு உள்ள பெண்களுக்கு ஆபத்து சுமார் 10 முதல் 20 விழுக்காடு குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

மது எந்த அளவிலும் இந்த ஆபத்தைக் கூட்டும், ஒயினுக்கும் விலக்கில்லை. புகைபிடிப்பதற்கும் அதே பதில். உடல் சூட்டு அலை, வியர்வை தாங்க முடியாமல் ஹார்மோன் மாத்திரை எடுக்க நினைத்தால், மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையைச் சோதித்த பெரிய அமெரிக்க ஆய்வு, மார்பகப் புற்றுநோய் கூடியதால் 2002-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. ஆண்டுக்கு 10,000 பெண்களில் சுமார் 8 பேருக்குக் கூடுதலாக வந்தது. சிலருக்கு அந்த மாத்திரை அவசியம்தான், அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

பால், பிரா, டியோடரண்ட் மூன்றையும் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். அவற்றால் புற்றுநோய் வருகிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. மஞ்சள் குழம்பில் இருக்கட்டும். மாத்திரையாக அதிக அளவில் விழுங்கிக் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இத்தனையும் செய்தாலும் ஆபத்து குறையும், பூஜ்யமாகாது. இந்த நோய் வருபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, பெண் என்பதையும் வயதையும் தவிர வேறு காரணம் சொல்ல முடிவதில்லை. அதனால் புதுக் கட்டி, உள்ளே இழுத்துக்கொண்ட காம்பு, காம்பில் ரத்தக் கசிவு, ஆரஞ்சுத் தோல் போல் சுருங்கிய இடம் என எது தெரிந்தாலும் அந்த வாரமே காட்டுங்கள். ‘வலிக்கவில்லையே’ என்று தள்ளிப்போடாதீர்கள். புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

அறிகுறி எதுவும் இல்லையென்றாலும் உங்கள் வயதுக்கு மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். எடுக்கப் போகும் அன்று மட்டும் டியோடரண்டும் பவுடரும் வேண்டாம்: அக்குளில் ஒட்டிய துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிகளாகத் தெரிந்து குழப்பும்.