பெங்களூரில் கிறிஸ்துமஸ் சாயங்காலம் குடும்பத்தோடு பிரிகேட் ரோடு போகலாமா?

ஊருக்குப் புதிதாக வந்து, ரீல்ஸில் பிரிகேட் ரோட்டு விளக்குகளைப் பார்த்து ஆசைப்பட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தாராளமாகப் போகலாம். ஆனால் வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் கூட வந்தால் ஏழு மணிக்கு மேல் அந்தக் கூட்டத்துக்குள் நுழைய வேண்டாம். காரும் வேண்டாம். எம்.ஜி. ரோடு மெட்ரோவில் இறங்கி, முனையில் நின்று விளக்கைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். "இளவட்டம் ஜாலியாகத்தானே போகிறது" என்பவர்களுக்கு: அவர்களுக்கு நான் பதில் எழுதவில்லை.

நாங்கள் அல்சூர்க்காரர்கள். எங்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் முதலில் சிவாஜிநகர் மாதா கோயில்தான். உனக்கென்ன மாதா கோயில் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சோமேஸ்வரர் கோயிலுக்கும்தான் போகிறோம். கண்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இது சகஜம். செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள் குடியேறிய இடம் சிவாஜிநகர். மாதா கோயிலின் இப்போதுள்ள கட்டடம் 1882இல் எழும்பியது, 1974இல் கோயிலுக்குப் பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதி கிடைத்தது. இன்றும் தமிழில் பூசை நடக்கிறது. பெங்களூரில் தமிழனுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களை நான் நேராக இங்கேதான் கூட்டிப் போவேன்.

போன கிறிஸ்துமஸுக்குக் கோயம்புத்தூரிலிருந்து மச்சான் குடும்பம் வந்திருந்தது. நாலு மணிக்கே கிளம்பிவிட்டோம். வாசலில் மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றினோம். பிள்ளைகள் குடிலில் ஆட்டுக்குட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அங்கே மாதாவுக்குப் புடவைதான் கட்டியிருப்பார்கள். அம்மா சாமி கும்பிட்டாளோ இல்லையோ, கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு, "டேய், அந்த பார்டரைப் பாருடா, உன் பொண்டாட்டிக்கு இந்த மாதிரி எடுத்துக் குடு" என்றாள். மச்சான் மட்டும் "எப்ப மாமா பிரிகேட் ரோடு?" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான். ஆட்டோ பிடித்துப் போய் முனையிலிருந்து காட்டினேன். பத்து நிமிடத்தில் அவனே "போதும் மாமா, பசிக்குது" என்றுவிட்டான்.

அப்புறம் சாப்பாடு. ஓட்டல் பெயர் வேண்டாம். சாப்பாடு சுமார்தான், அது போகட்டும். பில்லில் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தார்கள்! அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022லேயே சொல்லிவிட்டது. அது சரிதான் என்று 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் சொன்னது. கஞ்சன் என்று நினைக்காதீர்கள், பரிமாறிய பையனுக்குக் கையில் தனியாகக் கொடுத்தேன். பிரச்சினை பணமில்லை, கேட்காமல் எடுப்பதுதான். மேனேஜர் "பண்டிகை நாள் சார்" என்று இழுத்தார். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடட்டுமா என்றதும் வேறு பில் வந்தது. உங்களுக்கும் போட்டால் எடுக்கச் சொல்லுங்கள். என் மச்சான் மாதிரி "மானம் போகுது, விடுங்க மாமா" என்று யாராவது பக்கத்தில் இருந்தால், பில்லை அவரிடமே தள்ளிவிடுங்கள்.