எடை பார்த்து வாங்குங்க, கிலோ போட்டு எழுதுங்க: மளிகை ஆஃபர், குத்தகை நிலம் – கேள்வி பதில்

காரைக்குடியில ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குக் கொள்முதல் பார்த்தவன் நான். இப்போ கல்லல் பக்கம் குத்தகைக்கு நிலம் எடுத்து நெல்லும் கடலையும் போடுறேன். வாராவாரம் வர்ற ஆஃபர் நோட்டீஸ் பத்தியும் குத்தகை பத்தியும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். நகைச்சீட்டு, வீட்டுமனை எல்லாம் கேட்டு எழுதினவங்க கோவிச்சுக்க வேண்டாம், அது என் தொழில் இல்ல.

கோட்டையூர் ஆச்சி: சூரியகாந்தி எண்ணெய் ரெண்டு கடையில ஆஃபர் போட்டிருக்கான். ஒண்ணு 150, இன்னொண்ணு 155. 150 ரூபாய்க்குள்ளதையே வாங்கிடவா?

வாங்குறதுக்கு முன்னாடி பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க ஆச்சி. ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் இருக்கும். ஆனா 'லிட்டர் பாக்கெட்'டுன்னு நாம கேட்டு வாங்குறதுல 850 கிராம், 800 கிராம்னும் வருது. பார்வைக்கு எல்லாம் ஒரே உசரம். உங்க 150 ரூபாய் பாக்கெட் 850 கிராம்னா கிலோ 176 ரூபாய்க்கு மேல போகுது. 155 ரூபாய் பாக்கெட் 910 கிராம்னா கிலோ 170 சொச்சம்தான். கணக்குப் போடச் சோம்பலா இருந்தா எம்ஆர்பி பக்கத்துல கிராமுக்கு இவ்வளவு, மில்லிக்கு இவ்வளவுன்னு அலகு விலை அச்சடிச்சிருப்பாங்க. அது எம்ஆர்பி-க்கு உள்ள கணக்கு, ஆஃபர் விலைக்கு இல்ல. எழுத்தும் பொடிசு, கண்ணாடியோட போங்க.

இன்னைக்கு முழுக்க இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போறேன்: முதல்ல எடை, அப்புறம் விலை.

புதுவயல்: அரிசி மூட்டை ஏன் 26 கிலோவா வருது? ஒரு கிலோ இலவசமா?

இலவசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. 25 கிலோ வரைக்கும் பொட்டலம் போட்டு லேபிள் ஒட்டின அரிசிக்கு 2022 ஜூலை 18-லேர்ந்து 5 சதவீதம் ஜிஎஸ்டி. அதுக்கு மேல எடை இருந்தா வரி கிடையாது. அதனால மில்காரங்க 26 கிலோ கட்டுறாங்க. நோட்டீஸ்ல வர்ற 5 கிலோ, 10 கிலோ பை விலைக்குள்ள அந்த வரியும் சேர்ந்திருக்கு. அரிசி ஆலைக்கு நடுவுல குடியிருந்துக்கிட்டு நீங்க சூப்பர் மார்க்கெட்ல 5 கிலோ பை வாங்குறதுதான் எனக்குப் புரியல.

தேவகோட்டை: 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' – உண்மையிலேயே இலவசமா?

சில நேரம் உண்மைதான். கம்பெனி புதுச் சரக்கை இறக்கும்போதும், பழைய பொட்டலத்தை மாத்தும்போதும் செலவை அவங்களே ஏத்துக்குவாங்க. சோப்பு, பற்பசையில வர்றது பெரும்பாலும் இந்த வகை. தேவைன்னா தாராளமா எடுங்க, கெட்டுப்போற சாமானா அது? இன்னொரு வகை, தேதி நெருங்கின சரக்கு. பிஸ்கட், ஆட்டா, நூடுல்ஸ், ஜாம் இதுல வரும். ரெண்டு பாக்கெட் தேதியையும் பாருங்க. வெளியில தெரியுற பாக்கெட்டுக்கு ஒரு தேதி, கூட ஒட்டி வச்சிருக்கிறதுக்கு வேற தேதி இருக்கும்.

கடைக்காரன் பக்கத்து ரகசியம் ஒண்ணும் சொல்றேன். நோட்டீஸ் முதல் பக்கத்துல இருக்கிற சர்க்கரை, வெங்காயம், துவரம்பருப்புல கடைக்குப் பெரிசா எதுவும் நிக்காது. அந்த விலை எல்லாருக்கும் மனப்பாடம், அதனால அங்கேதான் குறைச்சுக் காட்டணும். அதை நம்பி உள்ளே வந்தவங்க கூடையில முந்திரி, மசாலாப் பொடி, பிளாஸ்டிக் டப்பா ஏறும். லாபம் அங்கே இருக்கு. முதல் பக்கச் சாமானை மட்டும் எடுத்துட்டு வெளியே வரத் தெரிஞ்சவங்களுக்குத்தான் ஆஃபர் ஆஃபரா இருக்கும்.

குன்றக்குடி: 50 சதவீதத் தள்ளுபடின்னு போட்டிருக்கிற முந்திரி வாங்கலாமா?

எம்ஆர்பி-யை எவ்வளவு வேணும்னாலும் ஏத்தி அச்சடிச்சுட்டுப் பாதி தள்ளலாம். கிலோ என்ன விலைன்னு பாருங்க. எடை, அப்புறம் விலை.

மதுரை, ஐடி வேலை: திருப்பத்தூர் பக்கம் 2 ஏக்கர் குத்தகைக்கு எடுத்து வார இறுதியில விவசாயம் பண்ண ஆசை. நிலத்துக்காரர் 'வாய்ப்பேச்சு போதும் தம்பி'ங்கிறார். என்னென்ன பார்க்கணும்?

தம்பி, முதல்ல தண்ணி. இது மானாவாரி பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையும் கண்மாயும்தான் கணக்கு. 'கண்மாய்ப் பாசனம்'னு சொன்னா நம்பிடாதீங்க, எந்த மடை, தலைமடையா கடைமடையா, போன வருஷம் தண்ணி வந்துச்சான்னு பக்கத்து வயல்காரர்கிட்ட கேளுங்க. கிணறோ போரோ இருந்தா மின் இணைப்பு யார் பேர்ல இருக்கு, விவசாய இணைப்புதானான்னு பாருங்க.

ரெண்டாவது, யார் நிலம்? அரசு இணையத்துல பட்டா, சிட்டா பார்க்கலாம். பதிவுத்துறையில வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க. நம்ம பக்கத்துல இதுதான் பெரிய சிக்கல். கூட்டுப் பட்டாவுல ஏழெட்டுப் புள்ளி, அதாவது பங்குள்ள குடும்பம், இருக்கும். ஒருத்தர் சென்னை, ஒருத்தர் மலேசியா. உங்களோட பேசுறவர் ஒரு பங்காளி மட்டும்தான். கடலை பிடுங்குற நேரத்துல இன்னொரு பங்காளி வந்து வரப்புல நிப்பார். எல்லார் கையெழுத்தும் வேணும், இல்ல பவர் பத்திரமாவது வேணும்.

மூணாவது, எழுத்து. ஒரு வருஷத்துக்கு மேல குத்தகைன்னா பதிவு பண்ணணும். சர்வே எண், பரப்பு, எந்தத் தேதியிலேர்ந்து எந்தத் தேதி வரை, எல்லாம் வரணும். பசலிங்கிற வருவாய்த்துறை வருஷம் ஜூலை 1-ல தொடங்குது, எந்த நிலத்துல என்ன பயிர்னு விஏஓ எழுதுற அடங்கலும் அந்தக் கணக்குலதான் ஓடும், அதோட ஒட்டிப் போட்டா குழப்பம் இல்ல. வரப்புல நிக்கிற புளியமரம், பனை, தென்னை மகசூல் யாருக்குன்னு எழுதுங்க. சீமைக்கருவேல் வெட்டுற செலவு யாரோடது, விறகு யாருக்குன்னும் எழுதுங்க.

குத்தகையை நெல்லா அளக்குறதா இருந்தா 'இத்தனை மூட்டை'ன்னு எழுதாதீங்க. அரசு கொள்முதல் நிலையத்துல மூட்டை 40 கிலோ. வியாபாரி மூட்டை 60-க்கு மேல போகும், ஆளுக்கு ஒரு கணக்கு. கிலோன்னு எழுதுங்க, என்ன ரகம்னும் எழுதுங்க.

கடைசியா ஒண்ணு. சட்டம் யாரைச் 'சாகுபடி குத்தகைதாரர்'ங்குதுன்னா, தானோ தன் குடும்பத்தாரோ உடலுழைப்பு போட்டுச் சாகுபடி பண்றவரை. சனிக்கிழமை வந்து கூலி கொடுத்துட்டுப் போறவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்குறது கஷ்டம். உங்களுக்கு இருக்கிற ஒரே துணை பத்திரம்தான்.

சென்னை, சொந்த ஊர் கானாடுகாத்தான்: 6 ஏக்கர் சும்மா கிடக்கு. குத்தகைக்கு விட்டா திரும்ப வராதுன்னு வீட்டுல பயப்படுறாங்க. 11 மாசத்துக்கு எழுதிக்கிட்டா போதும்னு ஒருத்தர் சொல்றார். சரியா?

11 மாசம் வீட்டு வாடகைக்கு எழுதுற பழக்கம். அதை வயலுக்குக் கொண்டு வந்து பிரயோஜனம் இல்ல. 1955-ஆம் வருஷத்துச் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்துக்கு வாய்மொழிக் குத்தகையும் குத்தகைதான். உழுதவரை வெளியேத்தணும்னா வருவாய் நீதிமன்றத்துக்குப் போகணும். குத்தகை பாக்கி வச்சார், நிலத்தைப் பாழாக்கினார், விவசாயம் இல்லாத வேலைக்குப் பயன்படுத்தினார், நிலமே உங்களது இல்லைன்னு சொன்னார் – இப்படிக் காரணம் காட்டணும். மாசக் கணக்கு முடிஞ்சுதுன்னு பூட்டுப் போட முடியாது. பயம் வேண்டாம், அதுக்காகக் குறுக்கு வழியும் வேண்டாம்.

காளையார்கோவில், குத்தகை விவசாயி: அண்ணே, அவங்க பயத்துக்கு இவ்வளவு பேசுறீங்க. எங்க பயத்தை யார் கேக்குறது? கருவேலை வெட்டி, வேர் எடுத்து, வரப்பு கட்டி நிலத்தை நிலமாக்குறது நாங்க. நாலு மூட்டை கூட விளைஞ்சதும் 'நாங்களே பார்த்துக்குறோம்'ங்கிறாங்க. கையில சீட்டு கிடையாது, பயிர்க்கடன் கிடையாது. மழை பொய்ச்சா நிவாரணம் பட்டாக்காரர் கணக்குல விழுது.

கானாடுகாத்தான்காரர்: எங்க ஐயா காலத்துல விட்ட இன்னொரு நிலத்துக்கு இன்னமும் அளக்குறேன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க, ஒரு படி வரல. அதையும் சேர்த்துப் பேசுங்க.

காளையார்கோவில்: அளக்கப் போனா வாங்க ஆள் இல்ல. வீடு பூட்டிக் கிடக்கு. யார்கிட்ட அளக்குறது?

தேவகோட்டை, வக்கீல் குமாஸ்தா: நியாயக் குத்தகை 25 சதவீதம்தானே? ஊர்ல விளைச்சல்ல பாதிக்குப் பாதி வாரமா வாங்குறாங்களே, அதைக் கேளுங்க முதல்ல.

இருங்க, ஒவ்வொருத்தரா வர்றேன். இதுதான் எனக்கும் பிடிச்ச சண்டை.

குமாஸ்தா ஐயா சொல்றது சரி. 1956 நியாயக் குத்தகைச் சட்டப்படி, திருத்தத்துக்கு அப்புறம், சாதாரண மொத்த விளைச்சல்ல 25 சதவீதம்தான் நிலத்துக்காரருக்கு. பாதிக்குப் பாதி வாங்குற இடத்துல விதை, உரம், உழவு செலவுல நிலத்துக்காரர் எவ்வளவு போடுறார்னு கேளுங்க. ஒண்ணும் போடாம பாதி கேட்டா அது நியாயமும் இல்ல, சட்டமும் இல்ல.

காளையார்கோவில் அண்ணனுக்கு: வாங்க ஆள் இல்லைன்னு விட்டுடாதீங்க, நாளைக்கு அதுவே 'பாக்கி'ன்னு உங்க மேல வரும். நிலத்துக்காரர் வாங்கலைன்னா குத்தகையை வருவாய் நீதிமன்றத்துல கட்டலாம், சட்டத்துல வழி இருக்கு. பணமா கொடுத்தா வங்கி வழியாக் கொடுங்க. நெல்லா அளந்தா கிலோ போட்டு ரசீது வாங்குங்க. 1969 சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவேடுன்னு ஒண்ணு இருக்கு, தாலுகா ஆபீஸ்ல கேட்டுப் பேரைச் சேருங்க. பயிர்க் காப்பீடு குத்தகைக்காரருக்கும் உண்டு. நெல் சம்பாவுக்கு நீங்க கட்டுறது காப்பீட்டுத் தொகையில 1.5 சதவீதம். விஏஓ அடங்கல் தரணும், அதுக்கும் எழுத்துல ஏதாவது காட்டணும்.

கானாடுகாத்தான் ஐயாவுக்கு: நீங்க பயந்து விடாம வச்சிருக்கிற 6 ஏக்கர்ல இப்போ யார் குடியிருக்கா? சீமைக்கருவேல். அதை வெளியேத்த எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது, ஜேசிபி-க்குத்தான் பணம் கட்டணும். வழக்குன்னு வந்தா வருஷக்கணக்கா இழுக்கும், அதை நான் மறைக்கல. ஆனா நான் பார்த்த தகராறு எல்லாமே எழுத்து இல்லாத இடத்துல, ரசீது இல்லாத இடத்துலதான். தை மாசம் ஒரு தடவை ஊருக்கு வந்து களத்துல நின்னு அளந்து வாங்கிட்டுப் போங்க. முன்னோர் படைப்புக்கு வர்றீங்கள்ல, அதே மாதிரி.

கானாடுகாத்தான்காரர்: சரி, காளையார்கோவில் அண்ணனுக்கு 6 ஏக்கர் வேணுமான்னு கேளுங்க.

காளையார்கோவில்: தண்ணி இருக்கா?

அதை நீங்க ரெண்டு பேரும் வயல்ல நின்னு பேசிக்கோங்க. அடுத்தது.

புதுவயல் மருமகள்: மளிகை ஆஃபர்னு வந்தேன், கோர்ட்டு கச்சேரியா ஓடுது. மிளகாய், புளி எப்போ வாங்கி வைக்கலாம்?

நல்ல வேளை கேட்டீங்கம்மா. ஆஃபருக்காகக் காத்திருக்கக் கூடாத சாமான் இது ரெண்டும். மாசியிலேர்ந்து சித்திரைக்குள்ள புதுச் சரக்கு வரும். ராமநாதபுரம் முண்டு மிளகாய் அப்போதான் வந்து குவியும், 2023-ல புவிசார் குறியீடு வாங்கின சரக்கு. சந்தையில மொத்தமா எடுத்து, காம்போட காய வச்சு டின்ல போட்டுடுங்க. புளி கொட்டை எடுத்ததா எடுக்காததான்னு கேட்டு விலை பேசுங்க, எடையில பெரிய வித்தியாசம் வரும். சூப்பர் மார்க்கெட்டு 200 கிராம் பாக்கெட் புளியைக் கிலோவுக்கு மாத்திப் பாருங்க, உங்க அப்பத்தா உக்கிராண அறையில ஏன் வருஷச் சாமான் அடைச்சு வச்சாங்கன்னு விளங்கும்.

காரைக்குடி: துவரம்பருப்பு ஆஃபர் எங்கே?

ரேஷன்ல. கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அதை வாங்கிட்டு மிச்சத்துக்கு நோட்டீஸ் பாருங்க.

பள்ளத்தூர்: முந்திரி 40 சதவீதம் தள்ளுபடி…

குன்றக்குடிக்காரருக்குச் சொன்னதுதான்.

சிங்கம்புணரி: பாமாயில் 750 கிராம் பாக்கெட் ஆஃபர்ல…

கோட்டையூர் ஆச்சிக்குச் சொன்னதுதான். மேலே படிச்சுட்டுக் கேளுங்கய்யா.

திருப்பத்தூர்: குத்தகை வேண்டாம், ஒத்திக்கு எடுன்னு சொல்றாங்க. எது நல்லது?

ஒத்தின்னா நீங்க மொத்தமாப் பணம் கொடுத்து நிலத்தை அனுபவிக்கிறது. விளைச்சல் வட்டிக்கு ஈடு. பணம் திரும்பினா நிலம் திரும்பும். அது அடமானம், பதிவு பண்ணாத ஒத்தி வெறும் காகிதம். மானாவாரியில ரெண்டு வருஷம் மழை இல்லைன்னா வட்டியே தேறாது. கிணறு இருந்தா யோசிங்க.

நேமம்: கோயில் நிலம் குத்தகைக்குக் கிடைக்குமா?

அறநிலையத்துறைக் கோயில்னா பொது ஏலம், 5 வருஷத்துக்கு மேல விடணும்னா ஆணையர் அனுமதி வேணும். நகரத்தார் நிர்வாகத்துல இருக்கிற கோயில்னா அங்கே போய் விசாரிங்க.

கல்லல்: குத்தகை நிலத்துக்கு வருஷம் 6,000 ரூபாய் பிஎம் கிசான் வருமா?

வராது. நில உரிமையாளருக்குத்தான்.

இளையாத்தங்குடி: செம்மண்ணுல என்ன பயிர் வரும்?

மண்ணைப் பார்க்காம நான் எப்படிச் சொல்ல? குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துல மண் மாதிரி கொடுங்க. செட்டிநாட்டுலயே வேளாண் பல்கலைக்கழகத்தோட மானாவாரி ஆராய்ச்சி நிலையம் இருக்கு, நம்ம மண்ணுலயே வேலை பார்க்கிறவங்க.

மதுரை ஐடி தம்பி மறுபடியும்: அண்ணா, நிலத்துக்காரர் எழுதச் சம்மதிச்சுட்டார். கிணத்து மோட்டார் காயில் போனா யார் கட்டணும்?

எழுதும்போதே கேட்டீங்களே, நல்லது. காயில் கட்டுற செலவு நீங்க, மோட்டாரே மாத்தணும்னா அவர் – நான் அப்படித்தான் போட்டிருக்கேன். கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, தண்ணி எத்தனை மணி நேரம் நிக்குதுன்னும் அப்படியே தெரிஞ்சுடும்.