வீட்டில் ஈய ஜிக் (தலையில் ஈயம் வார்த்த மீன்பிடி முள்) வார்ப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அலுமினிய அச்சில் ஊற்றினால் தலை நன்றாக வருகிறது, கழுத்து மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது. ஈயத்தை இன்னும் சூடாக்க வேண்டுமா?

முதலில் அச்சைச் சூடாக்குங்கள். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். குளிர்ந்த அலுமினியம் அந்தச் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்வதால், மெல்லிய கழுத்துக்குப் போய்ச் சேரும் முன்பே ஈயம் உறைந்துவிடுகிறது. முள் வைக்காமல், வெறும் அச்சிலேயே சில முறை ஊற்றி எடுங்கள். முதலில் வருபவை சுருக்கம் சுருக்கமாக இருக்கும். பரவாயில்லை, திரும்பச் சட்டியில் போட்டுவிடலாம். சுருக்கம் மறைந்து பளபளவென்று வர ஆரம்பித்ததும் முள்ளை வையுங்கள்.

சட்டியின் சூடு 370 முதல் 400 டிகிரிக்குள் இருந்தால் போதும். இதைக் கண்ணால் கணிக்க முடியாது, வெப்பமானி வேண்டும். வார்ப்பு பளபளப்பு இழந்து வெளிறி வந்தால் சூடு அதிகம், சுருங்கி வந்தால் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சும் ஈயமும் சூடாக இருந்தும் நிரம்பவில்லையா? மெழுகுவர்த்திச் சுடரைக் காட்டி அச்சின் உட்குழிவில் மெல்லிய கரிப்படலம் ஏற்றுங்கள். சூடு இறங்குவதை அது தாமதப்படுத்தும். காற்று வெளியேற அச்சில் நுண்ணிய கோடுகள் இருந்தால் அவை அடைபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம், தயங்கித் தயங்கி ஊற்றாதீர்கள். கையை நிறுத்தாமல் ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு மிச்சமிருப்பது ஈயத்தின் தரம். நகத்தால் கீறினால் கோடு விழுகிறதா? விழுந்தால் மென்மையான ஈயம், நுணுக்கமான அச்சுக்கு அதுதான் ஏற்றது. விழவில்லையென்றால் ஈயத்தைக் கடினமாக்கும் ஆண்டிமனி கலந்திருக்கலாம். அதை உருண்டைத் தலை ஜிக்குகளுக்கு ஒதுக்கிவையுங்கள்.

பழைய கார் பேட்டரியிலும் வீல் பேலன்ஸ் வெயிட்டிலும் (சக்கர விளிம்பில் மாட்டும் எடைத் துண்டு) ஈயம் எடுக்கலாமா?

பேட்டரியைத் தொடவே வேண்டாம். உள்ளே கந்தக அமிலம் இருக்கிறது. தட்டுகளில் கலந்துள்ள ஆண்டிமனி, ஆர்செனிக் போன்றவை நச்சு வாயுவாக வெளியேறக்கூடும். பேட்டரியை உடைத்து ஈயம் எடுப்பது வீட்டில் செய்யும் வேலையே அல்ல.

வீல் வெயிட் எடுக்கலாம், ஆனால் எல்லாமே ஈயம் என்று நம்பிவிடாதீர்கள். இப்போது துத்தநாகத்திலும் இரும்பிலும் செய்கிறார்கள். துத்தநாகம் 419 டிகிரிக்கு மேல்தான் உருகும், ஈயத்தைவிட எடையும் குறைவு. சட்டியை 400 டிகிரியைத் தாண்டவிடாமல் வைத்திருந்தால் துத்தநாகத் துண்டுகளும் இரும்புக் கிளிப்புகளும் உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். கவனிக்காமல் துத்தநாகம் கரைந்துவிட்டால் மொத்தமும் கூழாகிவிடும். அது அச்சுக்குள் ஓடாது.

உருகிய ஈயத்தில் புதுத் துண்டு ஒன்றைப் போட்டதும் படபடவென்று தெறித்தது. ஏன்?

ஈரம். இந்தக் கேள்வியை எல்லோரும் படிக்க வேண்டும். நீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிகிறது. ஈயத்துக்கு அடியில் ஒரு சொட்டு அகப்பட்டாலே போதும், சட்டியில் இருப்பதை அப்படியே மேலே வீசிவிடும். இம்முறை தெறிப்போடு தப்பித்திருக்கிறீர்கள். பழைய ஈயத் துண்டுகளைக் குளிர்ந்த, காய்ந்த சட்டியில் போட்டுப் படிப்படியாகச் சூடேற்றுங்கள். உருகிய ஈயத்தில் இன்னும் சேர்க்க வேண்டியிருந்தால், சட்டி ஓரத்தில் வைத்து நன்றாகச் சுட்ட துண்டை மட்டும் மெதுவாக இறக்குங்கள். உள்ளே பொந்து இருக்கும் பழைய தூண்டில் ஈயக்குண்டில் நீர் தேங்கியிருக்கும், அதை முதலில் வெட்டிப் பாருங்கள். கரண்டி, அச்சு, முள் எல்லாமே காய்ந்திருக்க வேண்டும். பிளாஸ்டர் அச்சு வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும், அதனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. மழைத்தூறல் விழக்கூடிய இடமும், பக்கத்தில் தண்ணீர் வாளியும் கூடாது. முகத்தை மறைக்கும் கவசம், தோல் கையுறை, முழுக்கை பருத்திச் சட்டை, மூடிய காலணி ஆகியவை இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

புகை வராவிட்டால் ஆபத்து இல்லைதானே? வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது.

ஆபத்து இருக்கிறது. 400 டிகிரிக்குள் ஈயம் ஆவியாவது மிகக் குறைவுதான். ஆனால் மேலே படியும் சாம்பல் நிறக் கசடும் அதைச் சுரண்டும்போது எழும் தூசியும்தான் உடம்புக்குள் போகின்றன. அந்தத் தூசி கையில் ஒட்டும், சட்டையில் ஒட்டும், வீட்டுக்குள் நடந்து வரும். குழந்தைகளின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதுகாப்பு என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு.

அதனால் சமையலறையில் வேண்டாம், காற்று ஓடும் வெளியிடத்தில் செய்யுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வரக்கூடாது. துணி மாஸ்க் தூசியைத் தடுக்காது, நுண்துகள் வடிகட்டி வைத்த சுவாசக் கவசம் வாங்குங்கள். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். உடையை அங்கேயே மாற்றித் தனியாகத் துவையுங்கள். சட்டியும் கரண்டியும் இனி ஒருபோதும் சமையலுக்குத் திரும்பக்கூடாது. கசடை மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

எந்த முள் வாங்குவது?

தூண்டில் நூல் கட்டும் வளையத்தை ஒட்டிக் காம்பு வளைந்திருக்கும் ஜிக் முள். உங்கள் அச்சுக்கு எந்த ரகம், எந்த அளவு என்று தயாரிப்பாளர் சொல்கிறாரோ அதையே வாங்குங்கள். காம்பு ஒரு மயிரிழை தடித்தாலும் அச்சு இறுக மூடாது, ஓரமெல்லாம் ஈயம் பிதுங்கும்.

பெயிண்ட் ஒரே நாளில் உதிர்ந்துவிடுகிறது.

தூரிகைப் பெயிண்டை விட்டுவிட்டு பவுடர் பெயிண்டுக்கு மாறுங்கள். தலையைச் சில நொடிகள் சுடரில் காட்டி, பவுடரில் முக்கி எடுத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். இளஞ்சூட்டில் இருக்கும்போதே வளையத்தில் அடைந்ததை ஊசியால் குத்தி எடுத்துவிடுங்கள். பிறகு சுமார் 175 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் சுட்டால்தான் பூச்சு கெட்டியாகும். பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகிறார்கள், உதிர்வதும் அதனால்தான். இதற்கென்று தனி ஓவன் வேண்டும்.

சில இடங்களில் ஈயத்துக்குத் தடையாமே? மாற்று என்ன?

ஆமாம், நியாயமான தடைதான். நீர்ப்பறவைகள் சின்ன ஈயக்குண்டுகளைக் கூழாங்கல் என்று விழுங்கி, நஞ்சேறி இறக்கின்றன. பிரிட்டனில் 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையிலான ஈயக்குண்டு விற்பனைக்கு 1987 முதல் தடை இருக்கிறது. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈய ஜிக்குகளுக்கு 1997 முதல் தடை. நீங்கள் மீன் பிடிக்கும் இடத்து விதியைப் பார்த்துவிட்டு வார்க்க ஆரம்பியுங்கள்.

வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும், அதே அச்சில் ஊற்றலாம். ஆனால் 10 கிராம் ஈய ஜிக் வரும் குழியில் ஆறரை கிராம்தான் வரும், ஆகவே ஒரு அளவு பெரிய அச்சை எடுங்கள். பிஸ்மத்தும் வெள்ளீயமும் கலந்த கலவை எடையில் ஈயத்துக்கு இன்னும் நெருக்கம். அதில் 58 சதவீதம் பிஸ்மத் உள்ள ரகம் 138 டிகிரியிலேயே உருகிவிடும். அதை மேலே சொன்னபடி 175 டிகிரியில் சுட்டால் ஓவனைத் திறக்கும்போது தட்டில் முள்ளும் ஒரு உலோகக் குட்டையும்தான் இருக்கும். அந்த ஜிக்குக்குச் சூடு தேவைப்படாத எபாக்ஸிப் பூச்சு போடுங்கள்.