பழைய கடல் பைனாகுலர் வாங்கும்போது பார்க்கச் சொல்லும் ‘கோலிமேஷன்’ என்றால் என்ன?

இரண்டு குழல்களும் ஒரே திசையை நேராகப் பார்ப்பதுதான் கோலிமேஷன். கீழே விழுந்தால் உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிப் பட்டகம் (ப்ரிசம்) இம்மியளவு நகர்ந்துவிடலாம். ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதுபோல் இரு பிம்பங்களும் விலகும். கண் அவற்றை வலிந்து ஒட்டவைப்பதால் கடையில் தெரியாது, சிறிது நேரத்தில் தலைவலிதான் காட்டிக்கொடுக்கும். அடிவானத்தையோ தொலைவிலுள்ள கூரை விளிம்பையோ பார்த்தபடி, பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்ல விலக்குங்கள். கோடு படிக்கட்டுபோல் உடைந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பழுதுபார்ப்பது பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

பெரிய லென்ஸ் பக்கம் டார்ச் அடித்தும் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழை என்றால் பூஞ்சை. உள்ளே ஆவி படிந்திருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது; ஆவி படியாதிருக்க நைட்ரஜன் வாயு நிரப்பிய வகை என்றால், அதைக் காக்கும் அடைப்பு போய்விட்டது. வெளிரப்பர் கீறல் பொருட்டல்ல.

7×50, 10×50 என்பதில் முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் விட்டம் (மி.மீ.). 7×50-ஐ விட 10×50 சிறந்தது என்பது கரையில் வேண்டுமானால் சரி. படகில் ஆட்டமும் 10 மடங்காகத் தெரியும்.