மனசை மாற்றுகிறேன் என்பவர் மேல் எங்கே புகார் கொடுப்பது? பெங்களூரு தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

தன்பாலீர்ப்பாளர்கள், திருநர், அவர்களுடைய வீட்டார் கேட்டவை இவை. பதில்கள் 2025 இறுதி நிலவரப்படி.

அல்சூரிலிருந்து: கன்வெர்ஷன் தெரபிக்கு, அதாவது ஒருவரின் பாலீர்ப்பை (யார் மேல் ஈர்ப்பு வருகிறது என்பதை) மாற்றுவதாகச் சொல்லிச் செய்யும் 'சிகிச்சை'க்கு, தடை இருக்கிறது என்கிறார்கள், இல்லை என்கிறார்கள். எது சரி?

இரண்டும் பாதி சரி. நாடாளுமன்றமோ கர்நாடகச் சட்டமன்றமோ இதற்கென்று தனிச் சட்டம் இயற்றவில்லை. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், சுஷ்மா வழக்கில், பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடை செய்தார். அப்படிச் செய்பவரின் உரிமத்தைப் பறிப்பது வரை நடவடிக்கை எடுக்கலாம் என்றார். அந்த உத்தரவு கர்நாடக நீதிமன்றங்களைக் கட்டாது, எடுத்துக்காட்டலாம், அவ்வளவுதான். ஆனால் அதே வழக்கின் தொடர்ச்சியாக தேசிய மருத்துவ ஆணையம் 2022 ஆகஸ்ட் 25 அன்று எல்லா மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கும் கடிதம் எழுதியது: கன்வெர்ஷன் தெரபி 2002ஆம் ஆண்டு மருத்துவ நன்னடத்தை விதிகளின்படி தொழில் ஒழுக்கக்கேடு. இது பெங்களூருக்கும் பொருந்தும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இவருக்கு உரிமம் கொடுத்தது யார்? பிடி அங்கேதான் இருக்கிறது. (தமிழில் இதை 'மாற்றுச் சிகிச்சை' என்று எழுதாதீர்கள். படிப்பவர் சித்த மருத்துவம் என்று நினைத்துக்கொள்வார்.)

விவேக் நகரிலிருந்து: மனநல மருத்துவர் ஒருவர் 'ஆறு மாதத்தில் சரி பண்ணிடலாம்' என்று மாத்திரை கொடுத்திருக்கிறார். புகாருக்கு என்னென்ன வேண்டும் அக்கா?

முதலில் சீட்டு. மருத்துவர் தன் பதிவு எண்ணை மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் போட வேண்டும் என்பது விதி. அந்த எண்ணை வைத்து அவர் எந்த மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்தவர் என்று பாருங்கள். பெங்களூரில் உட்கார்ந்திருந்தாலும் பதிவு தமிழ்நாட்டில் இருக்கலாம். தவறான கவுன்சிலுக்கு அனுப்பினால் புகார் சும்மா கிடக்கும்.

அடுத்தது மருத்துவப் பதிவேடு. நோயாளி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், மூன்று ஆண்டு வரை வைத்திருக்கவும் வேண்டும். புகார் கொடுக்கும் முன்பே வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் 'காணவில்லை' என்று பதில் வருவதுண்டு. சீட்டில் என்ன நோய் என்று எழுதியிருக்கிறார் என்று கவனியுங்கள். பலர் 'மன அழுத்தம்' என்றுதான் எழுதுவார்கள், மாற்றுகிறேன் என்பது வாய்ப்பேச்சாகவே நிற்கும். அதனால் வாட்ஸ்அப்பில் 'இந்த மாத்திரை எதற்கு டாக்டர்?' என்று ஒரு வரி கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

புகாரில் தேதி, இடம், சொன்ன வார்த்தை, கொடுத்த மருந்து, கட்டிய பணம் ஆகியவற்றை வரிசையாக எழுதி, தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022ஆம் ஆண்டுக் கடிதத்தைக் குறிப்பிடுங்கள். கவுன்சில் ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும், நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

மாத்திரையை மட்டும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். வேறொரு மனநல மருத்துவரிடம் காட்டி, படிப்படியாகக் குறையுங்கள்.

கே.ஆர். புரத்திலிருந்து: அவர் டாக்டரே இல்லை, 'லைஃப் கோச்'. அப்போது?

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு வைத்திருந்தால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே புகார். எந்தப் பதிவும் இல்லாத கோச் என்றால் பிடுங்க உரிமமே இல்லை. அங்கே பயன்படுவது நுகர்வோர் ஆணையம். நோயே அல்லாத ஒன்றைக் குணப்படுத்துவதாகப் பணம் வாங்கியது குறைபாடான சேவை என்று வாதிடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது வாங்காதவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஸ்ரீராம்புரத்திலிருந்து: பேய் பிடித்திருக்கிறது என்று பூசாரியிடம் கூட்டிப் போனால்?

இதில் கர்நாடகம் முந்திக்கொண்டது. மனிதத்தன்மையற்ற தீய பழக்கங்கள், பில்லிசூனியம் ஆகியவற்றைத் தடுக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2020இல் நடைமுறைக்கு வந்தது. பேயோட்டுவதாகச் சொல்லி ஆளைக் கட்டிவைத்து அடிப்பது, மிளகாய்ப் புகை காட்டுவது எல்லாம் அதில் குற்றம். நேராகப் போலீஸுக்குப் போகலாம். திருநீறு பூசி மந்திரித்தால் குற்றமாகாது, கை வைத்தால்தான். இதே கூத்து ஓசூர் தாண்டி நடந்தால் இந்தச் சட்டம் வராது. தமிழ்நாட்டில் இப்படிச் சட்டம் இல்லை, சாதாரணக் குற்றச் சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

பெயர் வேண்டாம், வயது 24: வீட்டில் என்னை மனநல மருத்துவமனையில் சேர்த்துவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சமூக ஒழுக்கத்துக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துவரவில்லை என்பதற்காக ஒருவருக்கு மனநோய் என்று சொல்லக் கூடாது. இது பிரிவு 3. பாலீர்ப்பைக் காட்டிப் பாகுபாடு கூடாது என்பது பிரிவு 21. உங்கள் சம்மதம் இல்லாமல் பிரிவு 89இன்படி சேர்க்க வேண்டுமானால் ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியே பரிசோதித்துக் கடும் மனநோய் என்று சொல்ல வேண்டும். அப்போதும் முதலில் 30 நாள்தான். மனநல மறுஆய்வு வாரியத்தில் அதை எதிர்க்கலாம்.

நீங்கள் இன்றே செய்யக்கூடிய ஒன்று, பலரும் கோட்டை விடுவது: பிரிவு 14இன்படி 'நியமனப் பிரதிநிதி' ஒருவரை எழுதிவைப்பது. உங்கள் சார்பில் மருத்துவமனையில் பேசுபவர் அவர்தான். நீங்கள் எழுதிவைக்காவிட்டால் அந்த இடம் உறவினருக்குப் போகும், அதாவது நீங்கள் பயப்படுகிறவருக்கே. வெள்ளைத்தாள் போதும், உங்கள் கையெழுத்து போதும், முத்திரைத்தாள் வேண்டாம். நம்பகமான, 18 வயது நிரம்பிய ஒருவர் பெயரை எழுதி, அவரிடம் ஒரு பிரதி கொடுங்கள்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து: தோழியை ஊருக்குக் கூட்டிப் போய் அடைத்துவிட்டார்கள். நான் அவளுக்குச் 'சட்டப்படி' யாருமில்லையே?

அடைத்துவைத்திருப்பவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்பது ஆட்கொணர்வு மனு. அதைப் போட நீங்கள் அவருக்கு உறவாக இருக்க வேண்டும் என்பதில்லை. அவரை எங்கே வைத்திருக்கிறார்களோ அந்த மாநில உயர் நீதிமன்றத்தில் போடுங்கள். தமிழ்நாட்டில் என்றால் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் 25 வயதுப் பெண்ணை அவர் விரும்பிய துணையோடு போக அனுமதித்த தீர்ப்பைக் காட்டலாம். திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு வழியல்ல, தேர்ந்துகொண்ட குடும்பமும் உண்டு என்றது அது. உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில், தேவு நாயர் வழக்கில், இத்தகைய மனுக்களில் கவுன்சிலிங் என்ற பெயரில் பாலீர்ப்பை மாற்ற முயலக் கூடாது, பெற்றோர் கூட இல்லாதபோது நீதிபதி அவரிடம் தனியே பேச வேண்டும் என்று வழிகாட்டியிருக்கிறது.

மனு தயாராகும் வரை சும்மா இருக்க வேண்டாம். மாஜிஸ்திரேட்டிடம் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 100இன்படி தேடுதல் வாரண்ட் கேட்கலாம். அவரது வயதுச் சான்று, அவர் கடைசியாக அனுப்பிய செய்திகள் இரண்டும் முக்கியம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு, போன் எண் 15100.

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து: ஆபீஸில் தெரிந்தால் வேலை போகுமா சார்? வீட்டு ஓனர் காலி பண்ணச் சொன்னால்?

திருநர் என்றால் 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் தனியார் வேலையிலும் வாடகை வீட்டிலும் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலர் ஒருவரை வைக்க வேண்டும், புகார் வந்த 15 நாளில் அவர் விசாரிக்க வேண்டும் என்கின்றன விதிகள். மின்னஞ்சலில் எழுதுங்கள், எச்.ஆரிடம் காபி குடித்துக்கொண்டே சொன்னது புகாராகாது. கர்நாடக அரசு வேலையில் 2021 முதல் 1 சதவீத இடஒதுக்கீடும் இருக்கிறது.

தன்பாலீர்ப்பாளர் என்றால் நிலைமை வேறு. அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவு அரசைத்தான் கட்டும். தனியார் முதலாளிக்கும் வீட்டு ஓனருக்கும் இதற்கான சட்டம் இல்லை. கம்பெனிக் கொள்கையில் 'பாலீர்ப்பு' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதுதான் ஆதாரம். பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் பாஷ் (POSH) சட்டத்தில் பெண்கள் மட்டுமே புகார் கொடுக்க முடியும்.

வீட்டுக்கு: ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும், அட்வான்ஸை வங்கி வழியாகக் கொடுங்கள், நோட்டீஸ் காலத்தை எழுத்தில் வாங்குங்கள். பத்து மாத அட்வான்ஸைக் கையில் கொடுத்துவிட்டு வாய்ப்பேச்சை நம்பினால், ஓனர் கதவைப் பூட்டும் நாளில் காட்ட ஒன்றும் இருக்காது.

ஒரு அம்மா: 16 வயதுப் பையன். கவுன்சிலிங் கூட்டிப் போவதே தப்பா?

தப்பில்லை. பதற்றம், தூக்கமின்மை, பள்ளியில் கேலி இதற்கெல்லாம் போகத்தான் வேண்டும். பணம் கட்டும் முன் போனிலேயே கேளுங்கள்: 'இவனை மாற்ற முடியுமா?' 'முடியும்' என்றால் போனை வைத்துவிடுங்கள். 'மாற்ற வேண்டியதில்லை, அவனுக்கு என்ன கஷ்டம் என்று பார்ப்போம்' என்றால் நேரம் வாங்குங்கள். அவனைத் தனியே பேச விடுவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நடுராத்திரியில் அவசரம் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. தமிழிலும் பேசுவார்கள்.